வேலியே பயிரை மேய்ந்தால்...



வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எப்படி என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். பயிரைக் காக்கப் போட்ட வேலி பயிரையே தின்னத் தொடங்கினால் யாரிடம் போய் முறையிடுவது? மனித உடலிலும் இப்படி ஒரு விபரீதம் நடப்பதுண்டு. உடலைக் காக்க இயற்கை வைத்த காவற்படை, அடையாளம் தெரியாமல், மூளையையும் நரம்பையும் தாக்கிவிடுகிறது. அதைத் தூண்டிவிட்ட குற்றவாளியோ, யாரும் அறியாமல் உடலின் வேறொரு மூலையில் ஒளிந்திருக்கும் ஒரு கட்டி.

இது அபூர்வமான நோய்தான். புற்றுநோய் கண்ட நூறு பேரில் ஒருவருக்குக்கூட இது வருவதில்லை. பிறகு ஏன் குடும்பப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இந்த நோய் நம் வீட்டுக்குள் வரும்போது அதற்கு நாம் வைக்கும் பெயரே வேறு. வயதுப் பெண்ணுக்கு வந்தால், "காற்று கருப்பு பட்டுவிட்டது" என்போம். வேலை செய்யும் ஆணுக்கு வந்தால், "வேலைக்குப் பயந்து நடிக்கிறான்" என்போம். தள்ளாடி நடக்கும் தாயைக் கண்டால், "குடித்திருக்கிறாள்" என்று பழி போடவும் தயங்கமாட்டோம். பெயர் தவறினால் வைத்தியமும் தவறும், நாட்கள் வீணாகும். இந்த நோயில் நாட்கள்தான் உயிர்.

நான் மருத்துவன் அல்லன், தமிழ்ப்பள்ளி ஆசிரியன். வகுப்பில் பாடம் சொல்வதுபோலவே, கற்றறிந்ததை எளிய முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

ஜாகா அடித்த ஆள் யார்?

நம் தோட்டத்து ஜாகாவை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு நாள் இரவு ஸ்டோருக்குள் திருடன் நுழைந்துவிட்டான். இருட்டில் முகம் தெரியவில்லை. அவன் போட்டிருந்த சிவப்புக் கட்டம் போட்ட சட்டை மட்டும் தெரிந்தது. மறுநாள் முதல், "சிவப்புக் கட்டச் சட்டைக்காரனைக் கண்டால் விடாதே, அடி!" என்று காவற்காரர்கள் அனைவருக்கும் உத்தரவு.

பாவம், ஆபீஸ் கிராணியாரும் அதே துணியில் ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தார். அடி அவர் மேல் விழுந்தது. அவர் படுத்துவிட்டார். செக்ரோல் எழுத ஆளில்லை. சம்பளக் கணக்குப் பார்க்க ஆளில்லை. தோட்டமே தடுமாறிப் போயிற்று. திருடனோ இன்னும் ஸ்டோருக்குள்ளேயே மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறான்!

உடலில் நடப்பதும் இதேதான். நம் இரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் உள்ளன. அவை எதிரியின் அடையாளத்தைப் பார்த்து, அந்த அடையாளத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் பொருள்களைச் செய்து அனுப்புகின்றன. அம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராமலிருப்பதும் தடுப்பூசி பலிப்பதும் இதனால்தான். புற்றுநோய் அணுவையும் இந்தப் படை எதிரியாகவே பார்க்கிறது. ஆனால் சில கட்டிகள், நரம்பு அணுக்களுக்கு மட்டுமே உரிய புரதங்களைத் தாமும் உண்டாக்குகின்றன. கட்டியை அழிக்கக் கிளம்பிய எதிர்ப்புப் படை, அதே அடையாளத்தை மூளையிலும் நரம்பிலும் கண்டு அங்கேயும் பாய்ந்துவிடுகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. புற்றுநோய் மூளைக்குப் பரவுவது வேறு, இது வேறு. இங்கே புற்றுநோய் மூளைக்குப் போகவே இல்லை. கட்டி நெஞ்சிலோ, வயிற்றிலோ, சூலகத்திலோ சின்னஞ்சிறியதாக இருக்கும். வலி கூடக் காட்டியிருக்காது. பெரும்பாலோருக்கு நரம்புக் கோளாறுதான் முதலில் தெரிகிறது. அதற்கான காரணத்தைத் தேடிப் போகும்போதுதான் கட்டி அகப்படுகிறது.

1948-இல் டெனி-பிரவுன் என்ற நரம்பியல் மருத்துவர், நுரையீரல் புற்றுநோய் கண்ட இருவருக்கு உணர்ச்சி நரம்புகள் கெட்டுப்போயிருந்ததை விவரித்து எழுதினார். எதனால் என்பது அப்போது விளங்கவில்லை. 1980-களில்தான் இத்தகைய நோயாளிகளின் இரத்தத்தில் நரம்பைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் இருப்பது தெரியவந்தது. நியூயார்க்கில் ஜெரோம் போஸ்னர் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் இந்த ஆராய்ச்சியில் முன்னின்றனர். நோயாளிகளின் பெயரிலுள்ள முதல் இரண்டு எழுத்துகளையே எடுத்து அந்தப் பொருள்களுக்கு "ஹூ", "யோ" என்று பெயரிட்டார்கள். இன்றும் மருத்துவ உலகில் அவை அப்படித்தான் அழைக்கப்படுகின்றன.

பன்னிரண்டு பெண்களின் கதை

மூளைக் காய்ச்சல் என்றால் கிருமியால் வருவது என்றுதான் நாம் அறிந்திருந்தோம். 1998, 1999-இல் நெகிரி செம்பிலான் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் பரவிய நிப்பா கிருமியை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் கிருமியே இல்லாமலும் மூளை அழற்சி வரும் என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய ஆண்டு 2007.

அந்த ஆண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோசப் டால்மாவ் என்ற ஸ்பெயின் நாட்டு மருத்துவரும் அவருடைய குழுவினரும் பன்னிரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். வயது 14 முதல் 44 வரை. எல்லாருக்கும் திடீரென்று புத்தி தடுமாறியது, நினைவு போயிற்று, வலிப்பு வந்தது, பலர் மூச்சு விடவும் இயந்திரத்தின் துணை தேவைப்பட்டது. தேடிப் பார்த்ததில் பதினொருவருக்குச் சூலகத்தில் கட்டி. ஒருவருக்கு நெஞ்சுக்குள் கட்டி.

அந்தக் கட்டியின் பெயர் டெரட்டோமா. விசித்திரமான கட்டி அது. அறுத்துப் பார்த்தால் உள்ளே முடி இருக்கும், பல் இருக்கும், சிலவற்றில் நரம்புத் திசுவும் இருக்கும். அந்த நரம்புத் திசுதான் திருடன் போட்டிருந்த சிவப்புக் கட்டச் சட்டை. அதைக் கண்டு கிளம்பிய எதிர்ப்புப் பொருள், மூளை அணுக்களின் மேற்புறத்திலுள்ள, நினைவுக்கும் கற்றலுக்கும் வேண்டிய ஒரு வாயிலைப் போய் முடக்கிவிட்டது. அந்த வாயிலுக்கு என்.எம்.டி.ஏ. ஏற்பி என்று பெயர்.

அடுத்ததைக் கவனியுங்கள். கட்டியை அகற்றி, எதிர்ப்புப் படையை அடக்கும் மருந்தும் கொடுக்கப்பட்ட ஒன்பது பேரில் எட்டுப் பேர் தேறினார்கள். கட்டி அகற்றப்படாத மூவரில் இருவர் இறந்துபோனார்கள். இந்தக் கட்டுரையின் சாரம் முழுவதும் இந்த இரண்டு வரிகளில் அடங்கியிருக்கிறது.

இது நம் நாட்டில் இல்லாத நோய் என்று எண்ணிவிட வேண்டாம். 2011-இல் மலேசியாவிலுள்ள ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை மருத்துவர்கள், தாங்கள் பார்த்த பத்து நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

நாளுக்கு நாள் நடப்பது என்ன?

முதலில் சில நாட்கள் தலைவலி, இலேசான காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று பெனடோல் கொடுத்துப் படுக்க வைப்போம். பிறகு தூக்கம் போய்விடும். இரவெல்லாம் விழித்திருப்பாள். காரணமில்லாமல் பயப்படுவாள், சிரிப்பாள், அழுவாள். இல்லாத குரல் கேட்கும். இல்லாத உருவம் தெரியும். பெற்ற தாயையே, "நீ யார்?" என்பாள். அடக்கமான பெண், வாயில் வராத வார்த்தையெல்லாம் பேசுவாள்.

அடுத்து பேச்சு குறையும். சொன்னதையே சொல்வாள், பிறகு வாயே திறக்கமாட்டாள். வாயும் நாக்கும் எதையோ மெல்வதுபோல் ஓயாமல் அசையும். முகம் கோணும். கைகள் பின்னிப் பின்னி ஆடும். சில வேளை உடல் மரக்கட்டைபோல் விறைத்து அப்படியே நிற்கும். வலிப்பு வரும். இறுதியில் நினைவு தப்பி, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறி இறங்கி, மூச்சும் தடுமாறும்.

வாசகர்களே, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். லயத்து வீட்டில் ஒரு பெண் இப்படி ஆடினால், நாம் முதலில் கூப்பிடுவது யாரை? மந்திரிப்பவரைத்தானே! தாயத்து கட்டுவோம், எலுமிச்சம்பழம் அறுப்போம், பலிக்காவிட்டால் போமோவிடம் போவோம். "கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்று ஒருவர் யோசனை சொல்வார். அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று அறையில் வைத்துப் பூட்டுவோரும் உண்டு. தஞ்சோங் ரம்புத்தான் பெயரைச் சொல்லியே பிள்ளைகளைப் பயமுறுத்தி வளர்த்தவர்களல்லவா நாம்? "பைத்தியம்" என்ற பட்டத்துக்கு அஞ்சி நோயை மறைக்கிறோம்.

தெய்வ நம்பிக்கையை நான் குறை கூறவில்லை. நானும் கோயிலுக்குப் போகிறவன்தான். விபூதியைப் பூசுங்கள், முனீஸ்வரரை வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் விபூதியைப் பூசிக்கொண்டே வண்டியில் ஏற்றுங்கள்! வேப்பிலையால் அடிப்பதும், பிரம்பால் அடிப்பதும், புகை போடுவதும், பட்டினி போடுவதும் கூடவே கூடாது. வலிப்பு வரக்கூடிய, விழுங்கத் தடுமாறும் ஒருவருக்கு இவை உயிருக்கே ஆபத்து.

இது மனநோயிலிருந்து எப்படி வேறுபடும் என்றால், வேகத்தில் வேறுபடும். சில நாட்களில், சில வாரங்களில் ஆளே மாறிப்போவார். முன்பு எந்த மனக்கோளாறும் இருந்திராது. அத்துடன் காய்ச்சல், வலிப்பு, வாய் அசைவு, பேச்சிழப்பு என்று உடல் குறிகளும் சேர்ந்து வரும். மனநல மருத்துவரிடம் முதலில் கொண்டு போயிருந்தால் அதுவும் தவறில்லை. மேற்சொன்ன குறிகள் இருப்பதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவரே நரம்பியல் பிரிவுக்கு அனுப்பிவைப்பார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பயங்கள்

ஆஸ்பத்திரி போனபின்பும் நம் மக்கள் இரண்டு இடங்களில் தயங்கி நிற்பதுண்டு.

முதலாவது, முதுகில் ஊசி. மூளையைச் சுற்றியுள்ள நீரை எடுத்துச் சோதித்தால்தான் இந்த நோய் உறுதியாகும். "முதுகில் ஊசி குத்தினால் இடுப்பு விழுந்துவிடும்" என்று கையெழுத்துப் போட மறுப்பவர்கள் உண்டு. இந்த ஊசி, தண்டுவடம் முடியும் இடத்துக்கும் கீழேதான் போடப்படுகிறது. ஓரிரு நாள் தலைவலி இருக்கலாம். கிடைக்கும் பயனோ உயிருக்குச் சமம்.

இரண்டாவது, அறுவை. "கன்னிப் பெண்ணின் சூலகத்தில் கத்தி வைப்பதா? நாளை இவளுக்குப் பிள்ளை பிறக்குமா? யார் கட்டிக்கொள்வார்?" என்று தாய் அழுவாள். அந்த அழுகையில் நியாயம் இருக்கிறது. ஆனால் விவரம் தெரிந்தால் பயம் தணியும். சூலகம் இரண்டு. பல வேளைகளில் கட்டியை மட்டும் எடுத்துச் சூலகத்தைக் காப்பாற்ற முடியும். ஒரு பக்கத்துச் சூலகத்தையே எடுக்க நேர்ந்தாலும், மறுபக்கம் நலமாக இருந்தால் மாதவிலக்கும் தாய்மையும் தடைப்படுவதில்லை. இந்த டெரட்டோமாக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்க் கட்டிகளும் அல்ல. சிலவே அப்படி மாறுகின்றன. அப்படியிருந்தும், நரம்புத் திசுவைச் சுமந்திருப்பதால், அவை புற்றுநோய்க் கட்டி செய்யும் இதே கொடுமையைச் செய்துவிடுகின்றன.

வைத்தியம் மூன்று விதம். ஒன்று, திருடனை ஸ்டோரிலிருந்து பிடித்து வெளியேற்றுவது. அதாவது கட்டியை அகற்றுவது. இரண்டு, ஜாகாக்களை அமைதிப்படுத்துவது. ஸ்டீராய்டு மருந்தும், நல்ல எதிர்ப்புப் பொருள் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றுவதும் இதற்கு. மூன்று, அவர்கள் கையிலுள்ள தடிகளைப் பறிப்பது. இரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்துத் தீங்கான பொருளை நீக்கிவிடுவார்கள். இவற்றுக்கும் அடங்காவிட்டால் இன்னும் வலிய மருந்துகள் உண்டு.

பலன் எப்படி? 2013-இல் பல நாட்டு நோயாளிகள் 577 பேரைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. இரண்டாண்டு வரை தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 81 பேர் தம் வேலையைத் தாமே பார்க்கும் அளவுக்குத் தேறியிருந்தார்கள். சீக்கிரம் வைத்தியம் தொடங்கியவர்களே கூடுதலாகத் தேறினார்கள். நோயாளிகளில் ஐந்தில் நால்வர் பெண்கள். அந்தப் பெண்களில் நூற்றுக்கு 46 பேருக்குக் கட்டி இருந்தது. கட்டி இல்லாமலும் இந்நோய் வரும் என்பது இதிலிருந்து தெரிகிறது. சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். கட்டி இல்லை என்றாலும் மருந்து உண்டு.

ஒன்றை ஆசிரியன் என்ற முறையில் சொல்லிவைக்கிறேன். தேறுவதற்கு மாதங்கள் ஆகும். பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைக்கு நினைவாற்றலும் கவனமும் மெல்ல மெல்லத்தான் வரும். நோயில் கிடந்த நாட்கள் அதற்கு நினைவிலேயே இராது. "பேய் பிடித்த பிள்ளை" என்று மற்ற மாணவர் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வதும், மந்தம் என்று ஒதுக்காமல் அரவணைப்பதும் நம் கடமை. நோய் திரும்பவும் வரக்கூடும் என்பதால் மறு சோதனைக்கு அழைக்கும் நாளைத் தவறவிடக் கூடாது.

அதே நோய், வேறு முகங்கள்

மூளைதான் என்றில்லை. நரம்பு மண்டலத்தில் எந்த இடத்தில் அடி விழுகிறதோ, அதற்கேற்ப நோயின் முகம் மாறும். நம் வீடுகளில் கண்ணில் படக்கூடிய நான்கைச் சொல்கிறேன்.

மாலையில் சாயும் இமை: காலையில் நன்றாக இருப்பவருக்கு, மாலையானால் கண்ணிமை தொங்கும்; ஒரு பொருள் இரண்டாகத் தெரியும்; சோறு மென்று முடிப்பதற்குள் தாடை களைக்கும்; பேசப் பேசக் குரல் மூக்கால் வரும். ஓய்வெடுத்தால் தேறும். நரம்பு தசைக்கு இடும் கட்டளை, போய்ச் சேரும் இடத்தில் தடைப்படுவதால் வரும் நோய் இது. மயஸ்தீனியா என்பார்கள். இவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு, நெஞ்செலும்பின் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கும். ஆகவே இந்நோய் கண்ட எல்லாருக்கும் நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். 1934-இல் லண்டனில் மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர், ஒரு மருந்தால் தொங்கிய இமை நிமிர்வதைக் கண்டு காட்டினார். அந்த வழியில் வந்த மாத்திரைகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் விழுங்கவோ மூச்சுவிடவோ முடியாமற்போனால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

படியேற மறுக்கும் கால்: குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. பஸ் படியில் கால் ஏறவில்லை. வாய் எப்போதும் உலர்ந்து கிடக்கிறது, மலச்சிக்கல் வேறு. 1950-களில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லாம்பெர்ட், ஈட்டன் என்ற மருத்துவர்கள் விவரித்த நோய் இது. இவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நுரையீரலில் சிற்றணுப் புற்றுநோய் இருக்கும். அந்தப் புற்றுநோய் வருவது பெரும்பாலும் புகை பிடிப்பவர்களுக்கே. குலை வெட்டிக்கொண்டிருந்த மனிதர் சில மாதங்களில் நடக்கவே தளர்ந்தால், அவர் புகைப்பவராகவும் இருந்தால், "சோம்பேறி" என்று ஏசுமுன் நெஞ்சைப் படமெடுத்துப் பாருங்கள். முதல் முறை ஒன்றும் அகப்படாவிட்டாலும், இரண்டாண்டு வரை மருத்துவர்கள் திரும்பத் திரும்பத் தேடுவார்கள். அலுத்துக்கொள்ள வேண்டாம். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. காவற்படை கட்டியையும் சேர்த்தே அடித்துக்கொண்டிருப்பதால், இவர்களுக்குப் புற்றுநோய் மெதுவாக வளர்வதாகவும், இவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்வதாகவும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

தள்ளாடும் நடை: நடுத்தர வயதைக் கடந்த பெண்மணி. சில வாரங்களில் நடை தள்ளாடுகிறது, நாக்கு குழறுகிறது, தலை சுற்றுகிறது, கோப்பையை எடுக்கப் போனால் கை தவறுகிறது. உடலின் நிதானத்தைக் காக்கும் சிறுமூளை பழுதானதன் அறிகுறி இது. மேலே சொன்ன "யோ" என்ற எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருந்தால், மார்பகத்திலோ சூலகத்திலோ புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று உடனே தேடுவார்கள்.

ஆடும் கண்: இது குழந்தைகளுக்கு. ஒரு வயது, இரண்டு வயதுப் பிள்ளை. நடந்துகொண்டிருந்த குழந்தை திடீரென்று விழுந்து விழுந்து எழும். கருவிழிகள் நாலா பக்கமும் துள்ளித் துள்ளி ஆடும். கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். ஓயாத அழுகை, தூக்கமில்லை. 1962-இல் கின்ஸ்போர்ன் என்ற மருத்துவர் இதை விவரித்தார். இத்தகைய குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலோ, முதுகெலும்பின் ஓரத்திலோ நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டி இருக்கும். பெரும்பாலும் அது அகற்றிக் குணப்படுத்தக்கூடிய கட்டிதான். "கண் பட்டுவிட்டது" என்று சுற்றிப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். சுற்றிப் போட்ட கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஏன் அவசரம்?

எதிர்ப்புப் படை இரண்டு விதமாகத் தாக்குகிறது. சிலருக்கு, அணுவின் வெளிவாசலில் நின்று கதவை அடைக்கிறது. பன்னிரண்டு பெண்களுக்கும், இமை தொங்குவோருக்கும், படியேற முடியாதவர்களுக்கும் நடந்தது அது. அடைத்தவனை அகற்றினால் கதவு மீண்டும் திறக்கும். வேறு சிலருக்கு, அணு என்ற வீட்டுக்குள்ளேயே புகுந்து தீ வைத்துவிடுகிறது. "யோ", "ஹூ" வகை நோய்கள் இப்படிப்பட்டவை. நரம்பு அணு ஒருமுறை மடிந்தால் மறுபடி முளைப்பதில்லை. மருந்தால் தீ மேலும் பரவாமல் தடுக்கலாம். எரிந்த வீட்டைக் கட்ட முடியாது. வாசலில் நிற்கிறதா, உள்ளே புகுந்துவிட்டதா என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே எதுவானாலும் தாமதம் கூடாது.

இன்னொரு செய்தி. உடலின் காவற்படையையே தூண்டிவிட்டுப் புற்றுநோயை அழிக்கும் புது மருந்துகள் வந்துள்ளன. அதற்கு அடிகோலிய ஜேம்ஸ் அலிசன், தாசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பலரை வாழவைக்கும் மருந்து அது. என்றாலும் கடிவாளம் தளர்ந்த படை, சிலருக்கு நரம்பையும் பதம் பார்ப்பதுண்டு. அந்த மருந்து ஏற்றிக்கொள்பவருக்கு இமை தொங்கினால், மூச்சு முட்டினால், கை கால் தளர்ந்தால், அடுத்த தவணை வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வீண் பயமும் வேண்டாம்

இதைப் படித்துவிட்டு, கால் மரத்தால் புற்றுநோய், தலை சுற்றினால் புற்றுநோய் என்று கலங்க வேண்டாம். நம்மவர்க்குக் கால் மரத்துப்போவது பெரும்பாலும் இனிப்பு நீராலே. முகம் ஒரு பக்கம் கோணி, ஒரு கை ஒரு கால் விழுந்தால் அது பக்கவாதமாக இருக்கும். அதற்கும் உடனே ஓட வேண்டும். காய்ச்சலோடு புத்தி தடுமாறினால் கிருமியாலும் இருக்கலாம். மருந்து அடிக்கும் வேலை செய்பவருக்கு வியர்வை கொட்டி, எச்சில் ஊறி, கண்மணி சுருங்கி, தசை தளர்ந்தால் அது பூச்சி மருந்தின் நஞ்சாக இருக்கலாம். செய்யும் வேலையை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எது எந்த நோய் என்று பிரித்தறிவது அவர் வேலை. அவரிடம் கொண்டு சேர்ப்பதுதான் நம் வேலை.

"இது ஒட்டுமா?" என்று கேட்பார்கள். ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம். ஒரே பாயில் படுக்கலாம். "பரம்பரையா?" என்பார்கள். தாய்க்கு வந்தது மகளுக்கு வரும் என்ற நோயல்ல இது. ஆகவே நோயாளியின் தங்கைக்குப் பெண் கேட்டு வருபவர் தயங்க வேண்டியதில்லை.

நினைவில் வைக்க ஆறு

1. சில நாட்களில் அல்லது சில வாரங்களில் ஒருவரின் புத்தி, பேச்சு, நடை, பார்வை மாறினால், உடனே கிளினிக் கெசிஹாத்தானுக்கோ அரசாங்க மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள். வலிப்போ மூச்சுத் திணறலோ இருந்தால் 999-ஐ அழையுங்கள்.

2. எந்த நாளில் என்ன தொடங்கியது என்று ஒரு தாளில் தேதி வாரியாக எழுதிக்கொண்டு போங்கள். எழுத வராவிட்டால் பள்ளிப் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள்.

3. வாய் அசைவு, கை ஆட்டம், கண் துள்ளல் போன்றவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். டாக்டர் பார்க்கும் நேரத்தில் அவை நின்றிருக்கலாம்.

4. புகைக்கும் பழக்கம், பழைய கட்டி, மார்பில் தட்டுப்படும் கட்டி, வயிற்று வீக்கம், உடல் மெலிவு எதையும் வெட்கத்தால் மறைக்காதீர்கள்.

5. "மூளையில் அழற்சி இருக்குமா? உடலில் வேறெங்காவது கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா?" என்று பணிவோடு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மலாய் மொழி சரளமாக வராவிட்டால், பேசத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

6. நோயாளியை அடிக்காதீர்கள், கட்டாதீர்கள், பூட்டாதீர்கள், தனியே விடாதீர்கள்.

வாசகர்களே! பால்மரம் வெட்டியும் குலை சுமந்தும் நம் பெற்றோர் நம்மை ஆளாக்கினார்கள். இன்று நம்மில் பலர் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம். வீடு மாறினாலும், நோய் வந்தால் பழைய பேச்சுதான் வாயில் வருகிறது. பேய் என்றும் சோம்பல் என்றும் சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொன்ன பிறகு யாரும் ஆஸ்பத்திரி வண்டியைத் தேடுவதில்லை. வேலி பயிரை மேய்ந்தால் பயிரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலியைச் சீர்செய்ய வல்லவரிடம் போக வேண்டும். அதுவும் பயிர் பச்சையாக இருக்கும்போதே போக வேண்டும். படித்து முடித்ததும் இந்தப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள்.